இடைவெளி விற்பவன்

சாந்தியாகோவின் குளிர்காலக் காலைகளில்
மலை இருக்கிறதா என்பதே சந்தேகம்.
புகை விலகும்வரை
நகரத்துக்குக் கிழக்கு கிடையாது.

இன்டிபென்டென்சியா சாலை முனையில்
மருந்துக்கடைத் தூணில் சாய்ந்து
நிபால்டோ நிற்கிறான்.
விரலில்லாக் கையுறை, சுருட்டிய பள்ளி நோட்டு,
கண்ணாடி கீறிய கடிகாரம்.
அவன் தொழிலுக்கு இவ்வூரில் பெயர் தேரை.
இருந்த இடத்திலிருந்தே
போகிறதையெல்லாம் கண்ணால் விழுங்குவதால் இருக்கலாம்.

மஞ்சள் பேருந்து வேகம் குறைக்கும், நிற்காது.
சன்னலிலிருந்து கை நீளும்,
கையில் ஒரு நூறு பேசோ.
"நானூற்றெட்டு போய் மூணு நிமிஷம்.
பின்னால வர்றவன் உன்னை ஒட்டிக்கிட்டு வர்றான்."
அவ்வளவுதான்.
லிசாந்த்ரோ மிதிக்கிறான்.
சீட்டுக்கு இவ்வளவு என்று கூலி அவனுக்கு.
அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் ஆறு பேர்
ராத்திரிச் சூப்பு, மகளின் பல்கம்பி.
முன்னால் போகிறவன் அள்ளிவிட்டால்
இவனுக்கு மிஞ்சுவது வெறும் தார்.

நான் அமைச்சகத்திலிருந்து வந்தவள்.
எட்டு நாள் அதே தூணின் மறுபக்கம் நின்று
இந்த ஆட்டத்தை எழுதினேன்.
இரண்டு ஓட்டுநர்கள்.
விரையலாம், பொறுக்கலாம்.
இருவரும் பொறுத்தால் இருவருக்கும் நல்லது.
ஒருவன் மட்டும் பொறுத்தால் அவன் ஏமாளி.
ஆகவே பறக்கிறார்கள்.
சமநிலை என்று இதற்குப் பெயர்.
சமநிலையில், ஏப்ரலில், சிவப்பு விளக்கில்
ஒரு சைக்கிள்காரனின் இடுப்பெலும்பு நொறுங்கியது.
என் அட்டவணையில் அது நான்காவது கட்டம்.

நிபால்டோ எட்டிப் பார்த்தான்.
"இதுல நான் எங்க?"
"நீங்கள் ஆட்டக்காரர் இல்லை. தகவல்."
"தகவலுக்குக் காலையிலேர்ந்து பசிக்குது" என்று
எடெல்மிராவின் எண்ணெய்ச் சட்டியிலிருந்து
பூசணி ரொட்டி இரண்டு வாங்கி
ஒன்றை எனக்குத் தந்தான்.

கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கிறவன்
இந்தத் தேரைக்கு அளந்திருந்தது
ஒரு தேருக்கும் இன்னொரு தேருக்கும் நடுவே
கொஞ்சம் வெற்றிடம்.

தீர்வு எளிது. மாதச் சம்பளம்.
பலனை மாற்றினால் ஆட்டம் மாறும்.
பதினோரு பக்கம். மேலே ஒப்பினார்கள்.
கோடை முடிவதற்குள்
மஞ்சள் போய் வெள்ளையும் பச்சையும் வந்தன.
யாரும் பறக்கவில்லை.
என் வளைகோடு
மடியில் படுக்கிற பூனைபோலத் தாழ்ந்தது.

ஜூன், திங்கள், ஆறேமுக்கால்.
கை நீட்டி நிற்கிறேன். என்னோடு பதினேழு பேர்.
லிசாந்த்ரோதான் வருகிறான்.
என்னைப் பார்க்கிறான். அடையாளம் தெரிகிறது.
நிற்காமல் போகிறான்.

ஏன் நிற்க வேண்டும்?
நின்றால் கதவில் பிதுங்கும் கூட்டம், வசவு, தாமதம்.
நிற்காவிட்டால் அதே சம்பளம்.
பிசகாமல் என் பதினோரு பக்கங்களை
ஓட்டிக்கொண்டு போனான்.
நேற்றுவரை நாங்கள் அவனுக்குச் சூப்பு.
இன்று பாரம்.
காத்திருப்பவள் என்றொருத்தியை
எந்தக் கட்டத்திலும் நான் வைத்திருக்கவில்லை.

தூணடியில் அதே நோட்டு, அதே கடிகாரம்.
இப்போது நாணயம் நீட்டுவது
நடைபாதையின் கைகள்.
"அடுத்தது இருபது நிமிஷம். அதுவும் நிக்கிறது சந்தேகம்."
எடெல்மிரா சட்டியைத் தலையில் ஏற்றி நடந்தாள்.
அவள் பின்னே ஒன்பது பேர்.

பத்துப் பேர் நடந்தால்
வரும் பேருந்தில் எனக்கு இடமிருக்கும்.
இதையே மற்ற ஏழு பேரும் நினைத்தால்?
அடுத்த நிறுத்தத்தில் இப்படியே
நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தால்?

பணப்பையில் நூறு பேசோவைத் துழாவினேன்.
"உங்களுக்கு இலவசம்" என்றான் தேரை,
நோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.